ஃபோல்டர் மேல ஏறி நின்ன டிஸ்க்

பத்து பத்துக்கு வர்ற வண்டிக்கா நிக்கிறீங்க? வரும், உக்காருங்க சார். அந்தப் பக்கம் வேணாம், சிமெண்டு பெயர்ந்து கெடக்கு, பேண்டைக் கிழிச்சுரும். இங்கிட்டு வாங்க. வீடு பாக்க வந்தீங்களோ? மூணாவது தெரு மாடி வீடுதானே? நல்ல வீடு சார். தண்ணி வரும், காத்து வரும். வண்டியும் வரும். என்ன, அது வர்ற நேரத்துக்கு வரும்.

மணி இப்ப பத்து முப்பத்தொண்ணு. நான் நோட்டுல எழுதிக்கிட்டே பேசுறேன், தப்பா நெனைக்காதீங்க. என் பேரு மாயழகு. டிப்போவுல இருபத்தெட்டு வருஷம் டைம் கீப்பர். வண்டி உள்ள வந்த நேரம், வெளிய போன நேரம், எந்த வண்டி எந்தப் பிளாட்பாரத்துல நிக்கணும், எல்லாம் நான்தான். என் கையெழுத்து இல்லாம ஒரு வண்டி பஸ் ஸ்டாண்டை விட்டு நகராது. ஒரு நிமிஷம் முன்னப் பின்னப் போட்டதில்ல சார், ஒரு நிமிஷம்! டிரைவரு, கண்டக்டரு எத்தனை பேரு வந்து நின்னாய்ங்க, "அண்ணே, ஒரு அஞ்சு நிமிஷம் குறைச்சுப் போடுங்கண்ணே"ன்னு. போட மாட்டேன். டீ வாங்கிக் குடுத்தா டீயைக் குடிச்சுட்டுப் போட மாட்டேன்.

அப்பேர்ப்பட்ட ஆள் மேல ஒரு பழி வந்துச்சு சார். நேரக் கணக்கை அழிச்சுட்டேன்னு. யாரு சொன்னா? என் வீட்டம்மா.

இருங்க, மொதல்ல இருந்து சொல்றேன். உங்களுக்கும் பொழுது போகும்.

ரிட்டயர் ஆனதும் ஒரு கம்ப்யூட்டர் வாங்குனேன். பழசுதான், ஆனா நல்ல மிசினு. கடைக்காரரு அதுல லினக்ஸ் போட்டுக் குடுத்தாரு, அதான் சார், அந்த பென்குயின் பொம்மை போட்டது. வைரஸ் வராதுன்னாரு. நானே படிச்சு, வீடியோ பாத்து, எல்லாம் கத்துக்கிட்டேன். சும்மா சொல்லக் கூடாது, ஆறே மாசத்துல கடைக்காரரே என்னைப் பாத்தா ஷட்டரைப் பாதி இறக்கிருவாரு. அம்புட்டுக் கேள்வி கேப்பேன்.

வீட்டம்மா பேரு அங்கயற்கண்ணி. அவளுக்கும் ஒரு ஃபோல்டர் போட்டுக் குடுத்தேன். பாட்டுக் கேப்பா, கோலம் பாப்பான்னு நெனைச்சேன். அவ என்ன பண்ணுனா தெரியுமா? இந்தா, நீங்க காத்துக் கெடக்கீங்களே, இந்தப் பத்து பத்து வண்டி, அது தினமும் எத்தனை மணிக்கு வருதுன்னு கட்டம் கட்டி டைப் பண்ணி வச்சிருக்கா! தேதி, கிழமை, வர வேண்டிய நேரம், வந்த நேரம், காத்திருந்தவங்க எத்தனை பேரு. மாடியில துணி காயப் போட்டுக்கிட்டே வண்டியைப் பாத்து எழுதியிருக்கா. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, ஜூலை ஒண்ணுல ஆரம்பிச்சு நூத்திப் பன்னெண்டு நாள்.

எதுக்குங்கிறீங்களா? இந்தத் தெருப் பொம்பளைக எல்லாம் சுகருக்கும் பிரஷருக்கும் பெரிய ஆஸ்பத்திரியிலதான் மாத்திரை வாங்குறது. பன்னெண்டு மணிக்கு ஓ.பி. சீட்டுக் குடுக்கிறதை நிறுத்திருவாய்ங்க. வண்டி பத்து பத்துக்கு வந்தா போகலாம். பதினொண்ணே முக்காலுக்கு வந்தா, போயி அடைச்ச கவுண்டரைப் பாத்துட்டுத் திரும்ப வேண்டியதுதான். என் வீட்டம்மாவே ரெண்டு தடவை அப்படித் திரும்பி வந்திருக்கா. அதனால அவளும் எதுத்த வீட்டு ஜெசிந்தா டீச்சரும் சேந்து, கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை குறைதீர்ப்பு நாள் வருதுல்ல, அங்க மனுக் குடுக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. மனுவோட இந்த நூத்திப் பன்னெண்டு நாள் கணக்கையும் வைக்கணும். அதுதான் ஆதாரம்.

எனக்குப் பிடிக்கல சார். மறைக்காமச் சொல்றேன். நான் சோறு தின்ன துறை. என் வீட்டுல இருந்தே அதுக்கு எதிரா மனுவா? "வண்டியெல்லாம் சரியாத்தான் வருது, நீ கண்ணை நல்லாத் தொறந்து பாரு"ன்னு சொன்னேன். "உங்க டிப்போவைச் சொன்னா உங்களுக்குப் பொத்துக்கிட்டு வருமே"ன்னா. பேச்சு முத்திப் போச்சு. அது ஒரு வெள்ளிக்கிழமை.

மறுநாள் சனிக்கிழமை, நான் டிஸ்க் வேலையில இறங்குனேன். சத்தியமாச் சொல்றேன், ரெண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. பழைய கம்ப்யூட்டர்ல இருந்து கழட்டுன பெரிய டிஸ்க் ஒண்ணு சும்மா கெடந்துச்சு. அதைப் புதுசாத் தொடைச்சு மூணு பாகமாப் பிரிச்சேன். ஒண்ணு எனக்கு, ஒண்ணு பாட்டுக்கும் படத்துக்கும், ஒண்ணு வீட்டம்மாவுக்கு. முந்தின நாள் சண்டை போட்டோமே, பாவம், அவளுக்கு நல்லது ஏதாச்சும் பண்ணுவோம்னுதான் சார் பண்ணுனேன். அவ ஃபோல்டர் ரொம்ப இடுக்கமா இருந்துச்சு. அவளுக்குன்னு தனியா நூறு ஜிபி! எந்தப் புருசன் குடுப்பான்?

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு சார். லினக்ஸ்ல டிஸ்க்கைச் சொருகிட்டா மட்டும் போதாது. இந்தப் பாகம் இந்த ஃபோல்டர்ல வந்து நிக்கணும்னு சொல்லணும். அதுக்குப் பேரு மவுண்ட் பண்றது. தினமும் காலையில கையால சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா? அதனால எஃப்எஸ்டேப்னு ஒரு ஃபைல். அதுல எழுதி வச்சுட்டா, கம்ப்யூட்டரைப் போட்டதும் அதுவாப் படிச்சு, அதது அததோட இடத்துல போயி நின்னுக்கும். அந்த ஃபைலை மொத மொதத் தொறந்து பாத்தேன். சார், எனக்குப் புல்லரிச்சுப் போச்சு! ஒரு வரிக்கு ஆறு கட்டம். எந்த டிஸ்க், எந்த இடம், என்ன வகை, என்ன அனுமதி, கடைசியில ரெண்டு நம்பர். நம்ம ஷெட்யூல் போர்டு மாதிரியே இருக்கு! இருபத்தெட்டு வருஷம் எழுதுன கையி சார், சும்மா இருக்குமா?

டிஸ்க்குப் பேரை நம்பக் கூடாது, தெரியுமா உங்களுக்கு? இன்னிக்கு ஏ-ங்கும், நாளைக்கே பி-ங்கும். கண்டக்டரு அவசரத்துல ரூட் போர்டை மாத்தி மாட்டிருவான்ல, அது மாதிரி. ஆனா ஒவ்வொரு பாகத்துக்கும் முப்பத்தாறு எழுத்துல ஒரு நம்பர் இருக்கு. அது வண்டியோட சேஸிஸ் நம்பர் கணக்கா, மாறவே மாறாது. மூணு நம்பரையும் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு எழுத்தாப் பாத்து எழுதுனேன். மூணு வரி. ஒரு புள்ளி பிசகல. கம்ப்யூட்டரை அணைச்சுப் போட்டேன். மூணும் டக்கு டக்கு டக்குன்னு அததோட இடத்துல போயி நின்னுச்சு சார்! எனக்கே கை தட்டிக்கலாம்னு இருந்துச்சு. தட்டுனேன்.

"இந்தா, வந்து பாரு உன் ஃபோல்டரை"ன்னேன்.

வந்து தொறந்தா. காலி.

நூத்திப் பன்னெண்டு நாளும் காணோம். அவ டைப் பண்ணுன மனுவும் காணோம். உள்ள ஒரே ஒரு ஃபோல்டர் மட்டும் கெடக்கு. அதுக்குப் பேரு லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட். அதைத் தொட்டா, உனக்கு அனுமதி இல்லைங்குது. பூட்டிக் கெடக்கு.

சார், அது நான் வச்சது இல்ல. புது டிஸ்க்கைத் தொடைச்சா அந்த ஃபோல்டரை அதுவே வச்சுக்கும். அதைத் தொறக்கிற உரிமை ரூட்டுக்கு மட்டுந்தான், ரூட்டுன்னா கம்ப்யூட்டருக்கு முழுப் பொறுப்பாளி. ஆனா என் வீட்டம்மா என்ன நெனைப்பா? டிப்போவுல தொலைஞ்ச சாமான் ரூம்புக்கும் அதே பேருதான், அந்தச் சாவியும் என் இடுப்புலதான் தொங்கும். அவ என்னை ஏற எறங்கப் பாத்தா.

"என் கணக்கை எடுத்துப் பூட்டி வச்சுட்டீங்களா?"

"ஐயய்யோ இல்ல, அது காலி ரூம்பு"ன்னேன்.

"காலி ரூம்பை எவனாச்சும் பூட்டுவானா?"

பாஸ்வேர்டைப் போட்டு ரூட்டா உள்ள போயித் தொறந்து காட்டுனேன். நெசமாவே காலி. அதைப் பாத்ததும் அவளுக்கு மூஞ்சி சிவந்து போச்சு. "அப்ப அழிச்சுட்டீங்க. நேத்து சண்டை போட்டேன்னு, இன்னிக்கு உக்காந்து டிப்போவுக்கு விசுவாசமா அழிச்சுட்டீங்க"ன்னா. குரல் ஒடைஞ்சிருச்சு சார். அழுதா. முப்பத்தொரு வருஷத்துல அவ அழுது நான் பாத்தது ரெண்டு தடவை. ரெண்டும் சாவு வீட்டுல.

அப்பறம் கண்ணைத் தொடைச்சுக்கிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னா. "எல்லாத்தையும் இருந்த மாதிரியே ஆக்குங்க."

அது எப்படி சார் ஆக்குறது? ஷெட்யூல் போட்டு அமலுக்கு வந்தாச்சு. ஒரு தடவை அமலுக்கு வந்ததைப் பின்வாங்குனா நிர்வாகத்துக்கு என்ன மரியாதை? முடியாதுன்னுட்டேன். "டிஸ்க் நிக்கட்டும், ஃபைலை நான் கண்டுபிடிச்சுத் தர்றேன்"னேன்.

அன்னியில இருந்து என்கூடப் பேச்சு இல்ல. பேச்சு இல்லைன்னா முழுசா இல்லைன்னு சொல்ல முடியாது. ஜெசிந்தா டீச்சர் வழியாப் பேசுவா. நான் நாற்காலியில உக்காந்திருப்பேன், ரெண்டடி தள்ளி அவ நின்னுக்கிட்டு ஃபோனைப் போட்டு, "டீச்சர், தொட்டியில தண்ணி இல்ல, மோட்டார் போடணும்னு அங்க சொல்லுங்க"ம்பா. ஸ்பீக்கர்ல டீச்சர், "சார், மோட்டார் போடணுமாம்"பாங்க. நான் "சரிங்க டீச்சர்"ம்பேன். தோசை வரும். வெறும் தோசை. சட்னி எங்கன்னு கேக்கிறதுக்கு டீச்சருக்கு ஃபோன் போடணும், எனக்குக் கூச்சமா இருந்துச்சு.

தெருவுல வேற பரவிப் போச்சு. நடந்து போனா பொம்பளைக பேச்சை நிறுத்திருவாங்க. "டிப்போக்காரரு கணக்கை அழிச்சுட்டாராம்ல"ன்னு முதுகுக்குப் பின்னாடி கேக்கும். எனக்கு வண்டி வந்தா என்ன, வராட்டி என்ன சார், ஸ்கூட்டர் இருக்கு. ஆனா நேரத்தை அழிச்சவன்ங்கிற பேரு! அதைத் தாங்க முடியல. சோறு எறங்கல.

ராப்பகலாத் தேடுனேன். அழிஞ்ச ஃபைலை மீட்டுக் குடுக்கிற புரோகிராமை எல்லாம் எறக்கி, புது டிஸ்க்கு பூராவும் சலிச்சேன். பழைய படத்துல இருந்து அரைகுறையா நாலு துண்டு வந்துச்சு. கடைக்காரருக்கு ஃபோன் போட்டேன், ஊருக்குப் போயிருக்காராம். மறுநாளும் ஊருலதானாம். ஒம்பதாம் நாள், ஞாயித்துக்கிழமை மத்தியானம். விடிஞ்சா குறைதீர்ப்பு நாள். அவ சாப்பாட்டு மேசையில உக்காந்து, நெனவுல இருந்ததை மட்டும் காலண்டர் தாளுக்குப் பின்னாடி எழுதிக்கிட்டு இருக்கா. ஒரு தேதி எழுதுவா, அடிப்பா. இன்னொண்ணு எழுதுவா, அடிப்பா. என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல சார். போங்கடா நீங்களும் உங்க நிர்வாகமும்னு எஃப்எஸ்டேப்பைத் தொறந்தேன். அவளோட வரிக்கு முன்னாடி ஒரு ஹேஷ் குறி போட்டேன். அதைப் போட்டா அந்த வரியைக் கம்ப்யூட்டர் படிக்காது. அணைச்சுப் போட்டேன்.

ஃபோல்டரைத் தொறந்தா, இருக்கு சார்! நூத்திப் பன்னெண்டு நாளும் இருக்கு! மனுவும் இருக்கு! இருந்த எடத்துலயே இருக்கு, ஒரு எழுத்துக் கூடக் குறையல. கடுமையா ஆராய்ச்சி பண்ணித்தான் கண்டுபிடிச்சேன்.

என்ன நடந்துருக்குன்னா, அவ ஃபோல்டர்ங்கிற பிளாட்பாரத்துல ஏற்கெனவே ஒரு வண்டி நிக்குது. நான் அதே எடத்துல புது வண்டியைக் கொண்டாந்து முன்னால நிறுத்திட்டேன். பின்னால நிக்கிறது எப்படித் தெரியும்? எங்கயும் போகல, மறைஞ்சு நிக்குது. முன்னால நிக்கிறதை எடுத்துட்டாத் தெரியும். இதே தப்பைப் பண்ணுன டிரைவருகளை நான் எப்படியெல்லாம் வைதிருக்கேன் தெரியுமா! அந்த எஃப்எஸ்டேப்பு எழுதுனவய்ங்களாச்சும் எனக்கு ஒரு எச்சரிக்கை குடுத்திருக்கணும்ல?

ஓடிப் போயி வீட்டம்மாகிட்டச் சொன்னேன். "அங்கயி, உன் கணக்கு அழியல! என் டிஸ்க்குக்கு அடியில மறைஞ்சு கெடந்துச்சு!"

அவ பேனாவைக் கீழ வச்சா. ஃபோனை எடுத்தா. "டீச்சர், அழிக்கலையாம். மறைச்சுத்தான் வச்சிருந்தாராம். ஒத்துக்கிட்டாரு"ன்னா.

நல்லாப் பாருங்க சார் நியாயத்தை! அழிச்சவன்னு பேரு போயி, ஒளிச்சவன்னு ஆச்சு. "நான் பேசாம இருந்தது பொறுக்காமத்தான் எடுத்துக் குடுத்துட்டாருன்னு சொல்லுங்க டீச்சர்"னு அதையும் என் முன்னாலயே சொல்றா. கணக்கு கெடைச்சுருச்சு, ஆனா என் பேரு கெடைக்கல.

திங்கக்கிழமை காலையில எட்டுப் பொம்பளைக கெளம்பிட்டாங்க. பத்து பத்து வண்டியை நம்புனா மனுக் குடுக்க முடியாதுல்ல, ஷேர் ஆட்டோவுல போனாங்க. நானும் பின்னாலயே ஸ்கூட்டர்ல போனேன். யாரும் கூப்பிடல. சும்மா போனேன்.

அங்க மேடையில ஒரு பொம்பளை அதிகாரி, சின்ன வயசு, நிதானமாக் கேக்கிறாங்க. பக்கத்துல நம்ம போக்குவரத்துல இருந்து ஒரு ஆபீசரு. எனக்கு நல்லாத் தெரிஞ்ச ஆளு, பேரு வேணாம். ஆஸ்பத்திரிக்குப் போக முடியாம அவதிப்படுறதை எல்லாம் டீச்சர் சொல்லி முடிச்சாங்க. வீட்டம்மா பிரிண்ட் போட்ட தாளைக் குடுத்தா. ஆபீசரு ரெண்டு பக்கம் பெரட்டிட்டு, "மேடம், இதெல்லாம் வீட்டுல இருக்கவங்க குத்துமதிப்பா எழுதுனது. நேரம் சரின்னு யாரு சான்று சொல்றது?"ன்னாரு.

வீட்டம்மா திரும்பல, ஆனா டீச்சர் திரும்பிட்டாங்க. கடைசியில நின்ன என்னைக் கையைக் காட்டி, "இந்தா இருக்காரு ரிட்டயர்டு டைம் கீப்பரு"ன்னுட்டாங்க. என்னைப் பாத்ததும் ஆபீசரு முகத்துல ஒரு சிரிப்பு. அட, நம்ம அண்ணன்தானே, இனி கவலை இல்லைங்கிற சிரிப்பு. கண்ணைக் கூடக் காட்டுனாரு.

மேடம் தாளை என்கிட்ட நீட்டுனாங்க. "பாருங்க. இதுல தப்பு ஏதும் இருக்கா?"

கண்ணாடியைப் போட்டுக்கிட்டு மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தேன். ஒவ்வொரு வரியாப் பாத்தேன். அம்புட்டுப் பேரும் என் வாயையே பாக்குறாங்க. வீட்டம்மா கண்ணை மூடிக்கிட்டா.

"ஒரு தப்பு இருக்கு மேடம்"னேன்.

ஆபீசரு நிமிந்து உக்காந்தாரு. டீச்சர், "நெனைச்சேன்"னு முனகுனாங்க.

"ஆகஸ்ட் பதினாலு. பதினொண்ணு நாப்பத்திரெண்டுன்னு போட்டிருக்கா. அன்னிக்கு வண்டி வந்தது பதினொண்ணு நாப்பத்தேழு. அஞ்சு நிமிஷம் குறைச்சுப் போட்டிருக்கா. அடுப்படிக் கடியாரத்தைப் பாத்திருப்பா, அது மெதுவா ஓடும்"னேன்.

மேடத்துக்குச் சிரிப்பு வந்துருச்சு, அடக்கிக்கிட்டாங்க. "அன்னிக்கு மட்டும் எதேச்சையாப் பாத்தீங்களா?"

"இல்ல மேடம். தினமும் பாப்பேன். பழக்கம். வண்டிச் சத்தம் கேட்டா மணியைப் பாக்காம இருக்க முடியாது."

"செப்டம்பர் ஒன்பது?"

"வரவே இல்ல மேடம்."

"ஜூலை இருபத்து மூணு?"

"பதினொண்ணு அஞ்சு. முன்னால ஒரு ஹெட்லைட் எரியல."

மேடம் தாளைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க. ஆபீசரு ஜன்னலைப் பாத்தாரு. வீட்டம்மா இப்பத்தான் கண்ணைத் தொறந்தா. நேரா என்கிட்ட வந்தா. நடுவுல ஃபோன் இல்ல, டீச்சர் இல்ல.

"நூத்திப் பன்னெண்டு நாளும் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அப்பறம் எதுக்கு வீட்டுல, வண்டி சரியாத்தான் வருதுன்னு என்கூட அந்தச் சண்டை போட்டீங்க?"

"அது வீட்டுல பேசுறது. இது சான்று சொல்றதுல்ல"ன்னேன்.

இதுல சிரிக்க என்ன சார் இருக்கு? எட்டுப் பொம்பளைகளும் சிரிக்கிறாங்க. வரிசையில மனுவோட நின்னவங்க எல்லாம் சிரிக்கிறாங்க. மேடம், அடுத்த மாசம் ஒண்ணாந்தேதியில இருந்து வண்டி நேரத்துக்கு வரணும், அதுவரைக்கும் தெனமும் நேரத்தைக் குறிச்சு இவரே அனுப்பட்டும்னு எழுதிட்டாங்க. அதான் இந்த நோட்டு. ஆபீசரு விடல, பொம்பளைக குசுகுசுத்தது காதுல விழுந்துச்சு போல, கடைசியா ஒரு கேள்வி போட்டாரு. "இந்தக் கணக்கு நடுவுல ஒரு வாரம் காணாமப் போச்சாமே? இவரு கைவரிசைன்னு தெருவே பேசுதாமே? அப்படிப்பட்டவர் சான்றை எப்படி எடுத்துக்கிறது?"

டிஸ்க்கு, பிளாட்பாரம், முன்னால நின்ன வண்டின்னு ஆரம்பிச்சா எவன் கேப்பான்?

வீட்டம்மாதான் முந்திக்கிட்டா. எல்லாருக்கும் கேக்குற மாதிரி, கணீர்னு சொன்னா. "இவரு அழிக்கிற ஆளு இல்ல மேடம். ஒளிக்கிற ஆளும் இல்ல. அதுக்கெல்லாம் இவருக்கு கம்ப்யூட்டர் தெரியணும்ல?"

அம்புட்டுப் பேரு முன்னாடி சார்! எனக்கு எப்பேர்ப்பட்ட நற்சான்று குடுத்தா பாத்தீங்களா? கண்ணுல தண்ணி வந்துருச்சு.